எதிர்வாசல் குறுகிய விதம்

2004 ரமலானில், அஸ்தினாபுரத்தில் சத்தியநாதன் நடத்திய பிரவுசிங் சென்டரின் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் வழியாக, ஹஃபீசா தன் கணவன் மொஹ்சினுக்கு ஒரு தூக்கு நோன்புக்கஞ்சி கொடுத்தாள். மொஹ்சின் அப்போது சவூதியில், தம்மாமில் இருந்தான். கஞ்சி ஆறியிருக்கவில்லை.

எதிர்வாசல் என்ற இணையதளத்தில் இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் திரை திறந்துகொள்ளும். அதில் நுழையும் எதையும் கொடுத்து வாங்கலாம். முதல் நாள் எங்கள் பள்ளிவாசல் பாங்கு அங்கேயும் கேட்க, மொஹ்சின் நோன்பைத் திறந்துவிட்டான். அங்கே மணி மூன்றரை. அந்த நோன்பை அவன் பிறகு வேறொரு நாள் பிடிக்க வேண்டியிருந்தது, தெருவே சிரித்தது. ஒரே மாதத்தில் தாம்பரம் முதல் மேடவாக்கம் வரை, கணவன் வெளிநாட்டிலிருந்த அத்தனை பெண்களும் சேர்ந்துவிட்டார்கள். பிரியாணி போனது, பேரீச்சம்பழம் வந்தது, குழந்தைகள் அப்பாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தன. ஆளே வரலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை, சம்பாத்தியம் அங்கேதானே.

எல்லோரும் சேர்ந்த பிறகு, தளத்தை நடத்திய சிறுசேரிக் கம்பெனி திரையின் ஓரங்களைக் கடைகளுக்கு வாடகைக்கு விட்டது. இடப்பக்கத்திலிருந்து ஒரு கை ஃபிளாட் நோட்டீஸை நீட்டியது; வலப்பக்கத்திலிருந்து இன்னொன்று கூந்தல் தைலத்தை நீட்டியது. புகார் எழுதினால், உங்கள் வசதிக்காக மேம்படுத்தி வருகிறோம் என்று பதில் வரும். அகலமான வேறொரு தளம் இருந்தது. ஆண்கள் மாறினால் மாறுகிறோம் என்றார்கள் பெண்கள். முதலில் பெண்கள் மாறட்டும் என்றார்கள் ஆண்கள். கம்பெனிக்கு அது தெரியும். வாசல் பாதியானது.

2006 ரமலானில் நோட்டீஸ் கை இடித்துக் கஞ்சி கீபோர்டில் கொட்டியது. அன்றைக்கே அறிவிப்பும் வந்தது: நாளை முதல் ஒரு விரல் மட்டுமே நுழையும். ஹஃபீசா தூக்கைக் கீழே வைத்தாள்.

“மச்சான், வந்துருங்க.”

“இப்பவேவா? செருப்பு வெளிய கெடக்கு புள்ள.”

“செருப்பு இங்கயும் விக்கிறாங்க. கையக் குடுங்க.”

மொஹ்சின் ஒருக்களித்துத் தலையை நுழைத்தான். தோள் வரும் நேரத்தில் ஒரு விளம்பரம் குறுக்கே விழுந்தது. அதை மூடுகிற குறி எறும்பளவு. அமுக்கப் போனால் நகர்ந்தது.

“நீங்க இழுங்கக்கா, எக்ஸை நான் பாத்துக்கறேன்” என்று சத்தியநாதன் மவுஸைப் பிடுங்கினார். மற்ற கேபின் பெண்கள் ஓடிவந்து ஹஃபீசாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். ஏழாவது முறை குறி அகப்பட்டது. மொஹ்சின் கஞ்சிமேல் வந்து விழுந்தான், சட்டைக்குள் இரண்டு ஃபிளாட் நோட்டீஸ்களோடு.

குரோம்பேட்டையில் மூன்று வருடம் ஏசி பழுதுபார்த்தான். 2009இல் இறந்தபோது தாம்பரத்தில் அடக்கினோம். பாஸ்போர்ட்டின்படி அவன் இன்னும் தம்மாமில்தான் இருக்கிறான். ஹஃபீசா அதை மாற்றச் சொல்லவில்லை.