இரண்டு யூனிட்

கேஸ் கம்பெனியின் கடிதம் சிவப்பு எழுத்தில் வந்திருந்தது. ஒன்பது மாதப் பாக்கி, பதினான்கு நாள் கெடு, தவறினால் இணைப்பு துண்டிக்கப்படும். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படித்தார். தொகை அவரை அவ்வளவாக உறுத்தவில்லை. அதற்கு மேலே மாதவாரியாக அச்சிட்டிருந்த அளவுதான் உறுத்தியது. அதன்படி இந்த வீட்டில் தினமும் காலையில் பால் காய்ந்திருக்கிறது, மதியம் உலை கொதித்திருக்கிறது, இரண்டு பேர் குளிக்க வெந்நீர் ஓடியிருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எறும்பு ஊர்ந்தது போல 'மதிப்பீடு' என்று ஒரு சொல்.

அவருடைய மனைவி இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, அவள் இறந்த அதே மாதத்தில் ஓய்வு பெற்றவர் அவர். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். "ஊரையே மேல தூக்கிவிட்டவர், சொந்த வீட்டுக்கு மூணு மாடி நடந்து ஏறுறார்" என்று கீழ்வீட்டுக்காரர் பத்து வருடமாக ஒரே நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரரும் பத்து வருடமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் ஒரு மர அலமாரி. எல்லா வீட்டு கேஸ் மீட்டர்களும் அதற்குள் இருந்தன. அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் அவர் மனைவியின் பென்சில் எழுத்து வரிவரியாக இறங்கியது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, பக்கத்தில் மீட்டர் எண். கடைசியாக அவள் எழுதியது 4217. அதற்கு அடுத்த மாதத்திலிருந்து அவர் எழுதிவந்தார். பென்சிலைக்கூட மாற்றவில்லை.

அதோடு வேலை முடிந்தது என்றுதான் அவர் நினைத்திருந்தார். லிஃப்டுகளுக்கு மேலேயுள்ள இயந்திர அறையில் ஒரு அட்டை தொங்கும். மெக்கானிக் அதில் எழுதிவிட்டுப் போவான், அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்த்துக்கொள்வான். மனைவி கதவில் எழுதியதையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். எழுதிவிட்டு மேலே வந்ததும் அவள் கம்பெனிக்குப் போன் போட்டு அந்த எண்ணைச் சொல்லுவாள் என்பது அவருக்குத் தெரியாது. முதல் தேதி காலையில் அவர் எப்போதும் வேலைக்குப் போயிருப்பார்.

கம்பெனியின் கவுன்ட்டரில் இருந்த பெண்தான் அதை அவருக்குச் சொன்னாள்.

"மாசா மாசம் ஒரு அம்மா கூப்பிட்டுச் சொல்லியிருக்காங்க. அப்புறம் நிறுத்திட்டாங்க. ரீடிங் வரலைன்னா போன வருஷத்தை வெச்சு நாங்களே போட்டுருவோம். இப்ப என்ன காட்டுது?"

"நாலாயிரத்து இருநூத்துப் பத்தொம்பது."

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. "ஒம்பது மாசத்துல ரெண்டு யூனிட்டா? பூனை குடியிருந்தாக்கூட இதைவிட ஆகுமே சார்."

"மீட்டர் காட்டுறதைச் சொன்னேன்."

"வீட்ல ஆள் இருக்கீங்களா?"

"நான் இருக்கேன்."

"சமைக்கிறீங்கல்ல?"

அவர் கவுன்ட்டர் கண்ணாடியில் இருந்த விரல் ரேகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் படிவத்தின் அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

"தொழில்?"

"லிஃப்ட் மெக்கானிக். ரிட்டயர் ஆயிட்டேன்."

"ஓ." அவள் முதல் முறையாக நிமிர்ந்து அவருடைய கைகளைப் பார்த்தாள். "எங்க மதிப்பீடு நியாயமாத்தான் இருக்கு சார். உங்க மீட்டர்தான் நியாயமா இல்ல. சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஆள் வருவார். யாராவது மீட்டர்ல கை வெச்சிருந்தா அபராதம் தனி, போலீஸ் கேஸும் போடுவாங்க."

இத்தனை வருடத்தில் ஒரு போல்ட்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத கைகள் அவை. பஸ்ஸில் வரும்போது அவற்றைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்வது எளிது. யாரிடம் சொல்வது என்பதில்தான் சிக்கல். துக்கம் முடிந்து கிளம்பும் அன்று, ஆறு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் ஊரிலிருந்து வந்திருந்த ஒரே மகள் வாசலில் நின்று சொல்லியிருந்தாள்: "தனியா இருக்கணும்னா இருங்கப்பா. ஆனா அடுப்பு எரியணும். கண்டதையும் வாங்கித் தின்னுட்டுப் படுத்துக் கிடக்கறீங்கன்னு தெரிஞ்சா, அன்னிக்கே வீட்டைக் காலி பண்ணிட்டு என்கூட வந்துரணும். சம்மதமா?" அவர் சம்மதித்தார். அன்றிலிருந்து தினமும் மாலை ஏழு மணிக்கு அவள் போன் செய்வாள். அவர் அன்றைய சமையலைச் சொல்வார். சொன்னதை நம்ப வைக்க வெறும் வாணலியில் கரண்டியைப் போட்டுக் கிளறுவார். பிறகு முக்குக்கடையில் வாங்கிய ரொட்டியையும் வாழைப்பழத்தையும் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். குளியல் பச்சைத்தண்ணீரில்.

இந்த வீட்டை விட்டால் அவருக்கு வேறு இடம் இல்லை. மகள் வீட்டில் இடம் இல்லாமல் இல்லை. அங்கே அவள் அம்மாவின் பென்சில் எழுத்து இருக்காது.

ஆனால் பில் விஷயத்தைப் பேச்சுவாக்கில் உளறிவிட்டார். மகள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். விதிமுறைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படிக்கும் சுபாவம். சனிக்கிழமை காலை முதல் ரயிலில் வந்து இறங்கினாள். கையில் கம்பெனியின் விதிமுறைகள் அச்சிட்ட தாள்கள். வந்தவள் வீட்டுக்குள்கூடப் போகவில்லை. படிக்கட்டுக்கு அடியில், அலமாரி முன்னால் நின்று பரிசோதகருக்காகக் காத்திருந்தாள்.

பரிசோதகர் ஒல்லியான, முழங்கால் வலிக்காரர். அலமாரிக்குள் டார்ச் அடித்து மீட்டரின் ஈய முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆள் வந்து பாக்கணும்னு உங்க விதியே சொல்லுது," என்றாள் மகள். "ஒம்பது மாசமா ஒருத்தர்கூட வரல. வராம உக்காந்த இடத்துலேயே எழுதின கணக்குக்கு எங்கப்பா ஏன் பதில் சொல்லணும்?"

"வரலதான்மா. அது எங்க தப்பு, நான் மறைக்கல. மொத்தம் ஆறு பேர்தான் இருக்கோம், அதுல எனக்கு முட்டி வேற போச்சு. ஆனா ரெண்டு யூனிட்டுக்கு ஒரு பதில் வேணுமில்ல? முத்திரையும் கொஞ்சம் நசுங்கியிருக்கு."

"மீட்டர் ஓடலைன்னா அது உங்க மீட்டரோட லட்சணம். எங்கப்பா தினமும் சமைக்கிறார். நான் என் காதால கேக்கறேன். நேத்துகூட பீன்ஸ் வதக்கினார். கரண்டிச் சத்தம் கேட்டுச்சு."

பரிசோதகரின் பேனா நகர்ந்தது. எழுதியதை அவர் மெதுவாக வாசித்தார். "தினமும் சமையல் நடப்பதாக மகள் உறுதி கூறுகிறார். இதுல ஒரு கையெழுத்துப் போடுவீங்களாம்மா?"

"தாராளமா. எங்க போடணும்?"

லிஃப்ட்காரர் அந்தப் பேனாவைப் பார்த்தார். தினமும் அடுப்பு எரிந்து, மீட்டர் மட்டும் நகரவில்லை என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். அவருக்காகச் சண்டை போட வந்தவள், தெரியாமலேயே அவரைத் திருடனாக்கும் தாளில் கையெழுத்துப் போடப்போகிறாள். அவர் வாயைத் திறந்தால் வீடு போகும். திறக்காவிட்டால், பொய்ச் சாட்சி என்று அவள் பெயரும் அல்லவா அதில் ஏறும்.

"கையெழுத்துப் போடாதம்மா," என்றார்.

"நீங்க சும்மா இருங்கப்பா. இவங்களை இப்படியே விட்டா..."

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு. நான்தான் அடுப்பைப் பத்த வைக்கல."

"என்னிக்கு?"

"அன்னிலேர்ந்து."

மகள் பேனாவைப் பிடித்தபடியே நின்றாள். "அப்போ கரண்டிச் சத்தம்?"

"வெறும் சட்டி."

பரிசோதகர் டார்ச்சை அணைத்தார்.

"அந்த ரெண்டு யூனிட்," என்றார் லிஃப்ட்காரர், "துக்கத்துக்கு வந்தவங்க போட்டுக் குடிச்ச காபி."

பரிசோதகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், வாய்வார்த்தையை நான் எழுத முடியாது. சோதிச்சுப் பாத்துதான் எழுதணும். நீங்க மேல போய் அடுப்பைப் பத்த வைங்க. நான் இங்க நின்னு பாக்கறேன். ஓடுச்சுன்னா மீட்டர் சரி, நீங்க சொன்னதும் சரி."

மூன்று மாடியும் மகள் முன்னால் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. சமையலறையில் அடுப்பின் மேல் ஒரு பழைய துண்டு விரித்திருந்தது. அவள் அதை எடுத்தாள். துண்டு மூடியிருந்த இடத்தைச் சுற்றி எங்கும் தூசி. அவர் நிலைப்படியைத் தாண்டாமல் நின்றார்.

"ஏம்ப்பா?" என்றாள். குரலில் இருந்த கோபம் படியேறும்போதே எங்கோ தங்கிவிட்டிருந்தது.

அவர் அடுப்பின் இடதுபக்கத் திருகைப் பார்த்தபடி சொன்னார். "எங்க வேலையில முதல் நாளே சொல்லிக் குடுக்கறது ஒண்ணு. யாருக்காவது அடிபட்டா, முதல்ல மெயினை அணை, அப்புறம் ஆளைத் தொடு. அன்னிக்கு நான் குளிச்சிட்டு வெளிய வந்தா அம்மா இங்க விழுந்து கிடக்கறா. பால் பொங்கி வழியுது. நான் முதல்ல அடுப்பைத்தான் அணைச்சேன். அவளைத் தாண்டி வந்து அணைச்சேன். அப்புறம்தான் அவளைத் தொட்டேன்."

"டாக்டர் சொன்னாரேப்பா. விழறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு."

"சொன்னார்."

கீழே பரிசோதகர் இருமும் சத்தம் கேட்டது. மகள் தீப்பெட்டியை எடுத்தாள். "நான் குச்சியைக் கிழிக்கறேன். நீங்க திருகுங்க."

அவர் உள்ளே வந்தார். திருகு இறுகியிருந்தது. முதல் குச்சி காற்றிலேயே எரிந்து முடிந்தது. ஒன்பது மாதமாகக் குழாயில் தேங்கியிருந்த காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவது குச்சிக்குப் பர்னர் பிடித்துக்கொண்டது. தூசி கருகும் வாசனை எழுந்தது, பிறகு சுடர் நீலமாக நின்றது.

படிக்கட்டுக் கிணற்றின் அடியிலிருந்து குரல் ஏறி வந்தது. "ஓடுது சார்! நல்லா ஓடுது!"

அவர்கள் உடனே அணைக்கவில்லை. மகள் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து வைத்தாள். பரிசோதகர் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறிவந்து, காபி குடித்து, தன் தாளில் அந்த வரியை அடித்துவிட்டு உண்மையான எண்ணை எழுதினார். முத்திரை பழசானதால் நசுங்கியது என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவர் போனதும் மகள் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். அப்பாவின் சட்டைகளை மடித்து அதில் அடுக்கினாள். அவர் தடுக்கவில்லை, பேச்சு என்றால் பேச்சு. பாதியில் அவள் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிப்போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது விரல் நுனிகளில் பென்சில் கறுப்பு ஒட்டியிருந்தது.

"4217 வரைக்கும் அம்மா. அப்புறம் 4219, 4219, 4219... ஒரே நம்பரை ஒம்பது தடவை எழுதியிருக்கீங்க."

"அதுதானே இருந்துச்சு."

"என்கிட்ட தினமும் பொய் சொல்லியிருக்கீங்க. அந்தக் கதவுகிட்ட ஒரு தடவைகூடச் சொல்லல." பெட்டியிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். "இனிமே என்ன சமையல்னு கேக்க மாட்டேன். ரீடிங் என்னன்னு கேப்பேன். கீழ போய்ப் பாத்துச் சொல்லணும்."

மூன்று வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து வந்த கடிதம் கறுப்பு எழுத்தில் இருந்தது. பழைய பில் ரத்து செய்யப்படுகிறது, சந்தேகக் குறிப்பு நீக்கப்படுகிறது, ஒத்துழைப்புக்கு நன்றி. வருத்தம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. மகள் போனிலேயே கொதித்தாள், இன்னொரு கடிதம் எழுதப் போவதாகச் சொன்னாள். அதையும் எழுதினாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அவள் ஊருக்குத் திரும்பியதற்கு மறுநாள், திங்கட்கிழமை ஏழு மணிக்குப் போன் வந்தபோது அவர் டார்ச்சோடு அலமாரி முன்னால் நின்றிருந்தார்.

"சொல்லுங்கப்பா."

"நாலாயிரத்து இருநூத்துப் பத்தொம்பது. புள்ளிக்கு அப்புறம் சிவப்புல நாலு, ஒண்ணு, ரெண்டு."

"நேத்து நான் கிளம்பும்போதும் நாலு, ஒண்ணு, ரெண்டுதான்."

"ம்."

அவள் திட்டவில்லை. அந்தப் பக்கம் அவள் வீட்டில் ஏதோ கொதிக்கும் ஓசையும் மூடி தட்டும் ஓசையும் கேட்டன.

"போனை வெச்சுராதீங்க," என்றாள். "நான் இருக்கேன். மேல ஏறுங்க."

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார். பையிலிருந்து "மெதுவாப்பா" என்றது குரல். சமையலறை நிலைப்படியிலும் ஒரு முறை நின்றார். பிறகு போனைத் தட்டில் சாய்த்து வைத்துவிட்டு, திருகைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குச்சியைக் கிழித்தார்.

"பத்திக்கிச்சாப்பா?"

கரண்டி கைக்கு எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. அவர் அதைத் தொடவில்லை.

"நாளைக்கு ரீடிங்ல தெரியும்," என்றார்.