மருந்து வண்டியருகே யாரும் இல்லை

நின்றுபோன இதயத்தை மீட்கும் ஒத்திகையில் கிளாரா சிஸ்டருக்கு ஒரே ஒரு சட்டம்தான். எதைச் செய்தாலும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதைப் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு குழுவுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவார். அவருடைய அக்கா ஜெசிந்தா இதே இருதயப் பிரிவில் நர்ஸாக இருந்தவள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் சிறுமலைக்காரர் ஒருவர் அவள் கண்ணெதிரே இறந்துபோனார். ஊசி போடவில்லை என்றார் டாக்டர். போட்டேன் என்றாள் அவள். சாட்சி இல்லை. பழியைச் சுமந்தபடியே மறுவருடம் போய்ச் சேர்ந்தாள்.

"சேவியர் வீட்டுப் பொம்பளைக பொய் சொல்ல மாட்டோம்" என்று முடிக்கும்போது கிளாராவின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும்.

அன்று காலை வேடசந்தூர் பஸ் வரவில்லை. அதனால் மருந்து வண்டியைக் கவனிக்க வேண்டிய மாணவி தமிழ்மதியும் வரவில்லை. மற்ற மூவரோடு ஒத்திகை தொடங்கியது. ருக்சானா பொம்மையின் நெஞ்சை அழுத்தினாள். பாஸிலா காற்றுப் பையைப் பிடித்தாள். ஜீவிதா மானிட்டரைப் பார்த்தாள். மருந்து வண்டியருகே ஆளில்லை. கிளாரா பழக்க தோஷத்தில் உத்தரவிட்டுவிட்டார்.

"அட்ரினலின், ஒரு மில்லிகிராம்."

"அட்ரினலின், ஒரு மில்லிகிராம்" என்றது வண்டிப் பக்கமிருந்து ஒரு குரல். "குடுக்கலை."

ருக்சானாவின் கை நின்றது. "ஏ ஜீவி, வெளையாடாதடி. சிஸ்டர் கொன்னுருவாங்க."

"சத்தியமா நான் இல்லடி. வாயே தெறக்கல."

ஒத்திகை முழுவதும் ஜீவிதாவின் போனில் பதிவாவது வழக்கம். கிளாரா அதை வாங்கி ஓடவிட்டார். மூன்று பெண்களின் உதடுகளும் மூடியே இருந்தன. குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. லேசாகக் கரகரத்த குரல். சிறுவயது முழுக்க அவரைச் சாப்பிடக் கூப்பிட்ட குரல்.

கேட்பதே சந்தேகம் ஆகிவிடும் என்று அவர் ஒருநாளும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது.

"அக்கா, அன்னைக்கு நீ குடுத்தியா?"

வண்டியின் மேல் இழுப்பறை மெல்லத் திறந்து நின்றது.

"ஊசியில ஏத்திட்டேன் கிளாரா. கை வரல. அப்படியே நின்னுட்டேன். அப்பா மொகத்துல எப்படி முழிக்கிறதுன்னு பயந்து, குடுத்துட்டேன்னு சொல்லிட்டேன்."



"சிஸ்டர்..." ஜீவிதா போனுக்குக் கை நீட்டினாள். "அழிச்சிரவா? நாங்க யாருட்டயும் மூச்சு விட மாட்டோம்."

அழி என்று ஒரு சொல் சொன்னால் போதும். பதினெட்டுக் குழுக்களுக்குச் சொன்ன கதை அப்படியே நிற்கும். குடும்பத்தின் பேரும் நிற்கும்.

கிளாரா பொம்மையின் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து அந்தப் பெண்கள் பார்த்ததே இல்லை.

"அழிக்க வேணாம். நோட்டை எடுங்க. செத்தவரு பேரு கருப்புசாமி." அந்தப் பேரை அவர் உச்சரித்தது அதுதான் முதல் தடவை. "அவருக்கு மருந்து போடல. போடாத நர்ஸ் பேரு ஜெசிந்தா சேவியர். எங்க அக்கா."

பாஸிலாவின் பேனா அசையவில்லை.

"தப்பில்லாம எழுதுடி" என்றார் கிளாரா.