தட்டிக் கேட்கும் மேசை

மாசி போய்ப் பங்குனி வருவதற்குள் கழிவு குறைந்துகொண்டே வந்து, இப்போது இரண்டு வாரமாக ஒரு வால்வு கூடக் கழியவில்லை. பிளான்ச் நோவாட்னிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சிகாகோவில் காது கேளாதவர்களுக்குக் காதுக் கருவி செய்யும் தொழிற்சாலையில், சத்தத்தைப் பெருக்கும் விரல் நகம் அகலத்துக் கண்ணாடி வால்வை மேசையில் சொருகி, ரப்பர் முனைக் குச்சியால் தட்டி, இயர்போனில் கேட்பது அவள் வேலை. உள்ளிருக்கும் மெல்லிய கம்பி தளர்ந்திருந்தால் ணிங்கென்று மணியடிக்கும். அது கழிவுக்கான தகரப் பெட்டிக்கு. ஒன்பது வருடமாக அந்தக் காதுதான் அவளுக்குச் சோறு போட்டது.

"கம்பி கட்டறவளுக கை சுத்தமாயிடுச்சுடி!" என்று பக்கத்து மேசை இர்மாவிடம் சொன்னாள். அவர்களுக்காகச் செர்ரிப் பழ அப்பம் கூடச் சுட்டு வந்தாள்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் கெல்சோ, கருவி வாங்கியவர்கள் எழுதிய ஒரு கட்டுக் கடிதத்தோடு வந்தார்.

"படியிறங்கினா நெஞ்சுல மாட்டின கருவிப் பெட்டிக்குள்ள மணி அடிக்குதாம், பிளான்ச். எல்லாம் நீ பாத்து விட்ட வால்வு."

காலையில் அவள் தேர்ந்து வைத்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்து இர்மாவைத் தட்டச் சொன்னார். இர்மா முகத்தைச் சுளித்து இயர்போனைப் பிடுங்கிப் பிளான்ச்சிடம் நீட்டினாள். பிளான்ச் தட்டினாள். தொம்மென்ற சத்தம் மட்டும்.

"நல்லாத்தானே இருக்கு?"

இருவரும் அவளைப் பார்க்கவில்லை.

கெல்சோ அலமாரியிலிருந்து இருப்பதிலேயே வலுவான கருவியை எடுத்து அவளுக்கு மாட்டி, திருகை முழுக்கத் திருப்பினார். பிறகு கடிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். குரல் இடியாக வந்தது. அதில் வார்த்தை இல்லை. கருவியின் மேல் சட்டைத்துணி உரசுவது மட்டும் நெருப்புப் பிடித்ததுபோல் படபடத்தது. இவ்வளவு நாளும் எல்லோருடைய உதட்டையும்தான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குப் புரிந்தது. நரம்பு செத்த காதுக்கு எந்தக் கருவியும் உதவாதென்று அவளுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் காது செய்கிற இடத்தில் அவளுக்கென்று ஒன்றுமில்லை.

"இதைவிட வலுவானது இருக்கா, சார்?"

கெல்சோ கடிதத்தை இறக்கினார்.

"இல்லம்மா."

அவளுடைய முக்காலியில் இர்மா உட்கார்ந்து காலையில் தேறிய வால்வுகளை மறுபடி தட்டத் தொடங்கினாள். ஒன்று தகரப் பெட்டிக்குப் போனது. அடுத்ததும் போனது. பிளான்ச் கோட்டை மாட்டிக்கொண்டு அங்கேயே நின்று, ஒவ்வொரு தட்டுக்கும் தலையைச் சாய்த்தாள்.