எட்டு முறை ஏலம் போன முட்டைக்கோஸ்

லிங்கேஸ்வரன் வளர்த்த முட்டைக்கோஸைப் பற்றி நான் சொல்வதில் பாதியைத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள். அதனால் இப்போதெல்லாம் இரண்டு மடங்காகச் சொல்லிவிடுகிறேன், கணக்கு சரியாகிவிடும். அதன் நிழலில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. மழை வந்தால் பக்கத்து வீட்டுக் கோழிகளும் வந்து சேர்ந்துகொள்ளும்.

லிங்கேஸ் என் கூட்டாளி. எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டியவன். மண் சரிந்து லோரி உருண்டதில் இரண்டு காலும் போயின. அப்புறம் சக்கர நாற்காலிதான். கை எட்டும் உயரத்துக்குப் பலகை அடித்து, மண் கொட்டி, வீட்டுப் பின்னால் கோஸ் போட்டான். தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் நாலு பேர் தூக்கி யார் காரிலாவது திணிக்க வேண்டும். அதற்காகவே போகமாட்டான்.

"நான் என்ன உற்சவ சாமியா, தூக்கிட்டுப் போக?" என்பான்.

ஈப்போவில் ஒரு பழைய வேன் விலைக்கு வந்தது. பின்கதவைத் திறந்தால் சாய்பலகை இறங்கும். நாற்காலியோடு உருண்டு ஏறலாம். பிரேக், ஆக்சிலேட்டர் எல்லாம் கையிலேயே. போனில் படத்தைப் பார்த்தவன் அன்று முழுக்கப் போனைக் கீழே வைக்கவில்லை. அவன் சேமிப்பு பாதி விலைக்குத்தான் காணும். வசூல் பண்ணலாம் என்று வாயெடுத்தேன்; நாற்காலியை என் கால்மேல் ஏற்றினான்.

அந்த வாரம் எஸ்டேட் மாரியம்மன் திருவிழா. அன்னதானத்துக்கென்று அந்தக் கோஸைக் கொடுத்தனுப்பினான். எங்கள் கோயிலில் கடைசி நாள், சாமிக்குப் படைத்த பழம், தேங்காயெல்லாம் ஏலம் போகும். கூவுவது நான்தான். எலுமிச்சம்பழம் முடிந்ததும், அம்மன் காலடியில் இருந்த கோஸைத் தலைக்குமேல் தூக்கினேன்.

"லிங்கேஸ் வளர்த்த கோஸ்! காசு அவன் வேனுக்கு! இதோட ஒரு இலையைத் தின்ன ஆடு போன வாரம் புலியை விரட்டிச்சு!"

கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்கும் நவமணி விடாமல் ஏற்றிக் கேட்டு எடுத்தாள். எடுத்தவள் கோஸை மடியில் வைத்து உருட்டிப் பார்த்தாள்.

"பெரியப்பா, இது என் சட்டியில அடங்காது. மறுபடியும் ஏலம் விடுங்க லா."

அடுத்து எடுத்த வாத்தியார் தனக்கு வாயுத் தொல்லை என்றார். அதற்கடுத்தவர் பெண்டாட்டியைக் கேட்க வேண்டும் என்றார். எட்டுப் பேர் காசு கொடுத்து எடுத்தார்கள், எட்டுப் பேரும் கோஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் அது அன்னதானக் கொப்பரைக்கே போனது. எஸ்டேட் முழுக்கச் சாப்பிட்டு, மிச்சத்தைப் பக்கத்து ஊர் ரிங்லெட்டுக்கு லோரியில் அனுப்பினோம்.

மறுநாள், வேனுக்குக் குறைந்த பணம் முழுவதையும் லிங்கேஸ் முன்னால் வைத்தேன். அவன் மனைவி திலகா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவோரம் ஒதுங்கினாள்.

"பிச்சையாடா?"

"ஏலம்டா. அம்மன் சாட்சி."

"ஒரு கோஸை எப்படிடா எட்டுப் பேருக்கு விப்ப?"

"கஷ்டப்பட்டுத்தான்."

அவன் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே, கோஸ் இருந்த இடத்தின் வெற்று மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பணம் திரும்பிப் போனால் வேனும் போச்சு. பணத்தை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

"எட்டுப் பேரு காசு குடுத்திருக்காங்க. எட்டுப் பேருக்கும் சரக்கு போகணும்," என்றான். "போய் நாத்து வாங்கிட்டு வா."

"அப்ப வேனு?" என்றாள் திலகா மெதுவாக.

"வேன் இல்லாம சரக்கை எதுல கொண்டு போவேன்?"

வேன் வந்தது. கையால் ஓட்டிப் பழகி லைசென்சும் எடுத்தான். கோஸ் முற்றியதும் ஒருநாள் என் வாசலில் வந்து நின்றான். முன் சீட் முழுக்கக் கோஸ். நான் சாய்பலகையில் நடந்து பின்னால் ஏறினேன். கியா பார்ம் மேட்டில் அவன் ஏற்றிய வேகத்தைப் பார்த்து ஒரு லேண்ட்ரோவர் வெட்கப்பட்டு ஓரம் கட்டியது.

நவமணி கடை முன்னால் நிறுத்தி, மடியில் கோஸோடு உருண்டு இறங்கினான்.

"ஏலத்துல எடுத்தியே, புடி."

"மாமா, அன்னிக்கு எடுத்தது இதைவிடப் பெருசாச்சே?"

"அன்னிக்கு இவன் வாயையும் சேர்த்துல்ல எடை போட்டாங்க."

அவள் சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஸ்ட்ராபெரி வாங்க நின்ற கோலாலம்பூர்க்காரர் ஒருவர் வேனைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்கதான் ஓட்டுறீங்களா ஐயா?"

"டிரைவர் அவன்," என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "நான் கோஸ் தூக்க வந்தவன்."

அதற்குள் லிங்கேஸ் மேலே ஏறி ஹார்ன் அடித்தான். இன்னும் ஏழு வீடு பாக்கி.