இரண்டு டாக்டருக்கும் மரியாதை

கண்ணாடி வெட்டுகிறவர் கையில் கீறல் விழாத வாரம் கிடையாது. என் கணவர் விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு அடுத்த கண்ணாடியை எடுத்துவிடுவார். அன்று கட்டைவிரலில் பட்டதும் அப்படியொரு கீறல்தான். ஆனால் துடைக்கும் துணி முழுவதும் நனைந்த பிறகும் இரத்தம் நிற்கவில்லை.

“ஒண்ணுமில்ல, விடு” என்றார். முகம் வெளுத்திருந்தது. வாதாடாமல் கடையைப் பூட்டினேன்.

எங்கள் குடும்ப டாக்டரின் அறை இரண்டு தெரு தள்ளி. இதயம் தாளம் தப்பித் துடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்துவந்தவர் அவர்தான். மகளுக்கு அது போதவில்லை. போன மாதம் அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இதய நிபுணர் அதே வேலைக்குப் புது மாத்திரை எழுதினார். பழையதை இவர் அதோடு நிறுத்திவிட்டார் என்றே நான் நினைத்திருந்தேன்.

டாக்டர் விரலை அழுத்திப் பிடித்தபடி, “வேற ஏதாவது சாப்பிடறீங்களா?” என்றார். கணவர் சுவரில் இருந்த மின்விசிறிப் பொத்தான்களை ஆராய்ந்தார்.

“பெரிய டாக்டர் குடுத்ததைச் சொல்லுங்களேன்” என்றேன்.

“ரெண்டையுமா முழுங்கறீங்க?”

“அவர்கிட்ட போனது தெரிஞ்சா உங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லல, டாக்டர்.”

“சரி. என் மாத்திரையைப் பத்தி அவர்கிட்ட?”

“அதுவும் சொல்லல. உங்களைக் கொறைவா நெனச்சுட்டார்னா?”

வேறு கடையில் சட்டை தைத்துக்கொண்டதை வழக்கமான தையல்காரரிடம் மறைப்பதுபோல, உயிரைப் பணயம் வைத்து மறைத்திருக்கிறார் மனுஷன்.

“ரெண்டு பேருக்கும் மரியாதை பண்ணி ரத்தத்தைத் தண்ணியாக்கிட்டீங்களே, கண்ணாடிக்காரரே! கோவிச்சுக்க நான் என்ன உங்க மாமியாரா?”

சிரித்துக்கொண்டே சொன்னாலும், பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும்போது அவர் சிரிக்கவில்லை. வயிறு வலிக்கிறதா, தலை வலிக்கிறதா என்று மாற்றி மாற்றிக் கேட்டார். உள்ளே எங்காவது கசிகிறதோ என்று பயப்படுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. முடிவு வரும்வரை நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கணவருடைய முழங்கால் என் முழங்காலை ஒட்டியே இருந்தது.

டாக்டர் விரலில் போட்ட கட்டுக்குள் இரத்தம் மெல்ல நின்றது. முடிவைப் பார்த்த டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “எல்லை தாண்டியிருக்கு. ஆனா பெருசா பயப்பட வேண்டாம்.” எங்கள் முன்னாலேயே நிபுணருக்குப் போன் போட்டார். இருவரும் புதுச் சம்பந்திகள் மாதிரி, “நீங்க சொல்லுங்க”, “இல்ல, நீங்க சொல்லுங்க” என்று பேசிக்கொண்டார்கள். பழைய மாத்திரையை நிறுத்துவது, புதியதையும் இப்போதைக்கு விட்டுவைத்து, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை நாளைய பரிசோதனைக்குப் பிறகு சொல்வது என்று முடிவானது.

“மாத்திரை அவரோடது. பாத்துக்கறது நான். ஒளிச்சு வெக்கற வேலை உங்களுக்கு இனிமே இல்ல” என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் எங்களுக்குக் கிடைத்தன. கடைசியில் என் கணவரைக் கொண்டுபோனது வேறொரு நோய்.

அன்று வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்ததும் நின்றார். “ஏம்மா, நெஜமாவே அவருக்கு வருத்தமில்லையே?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. யாருடைய வாசல் என்றுகூடப் பார்க்காமல் படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். கையைத் தாழ்த்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், வெள்ளைக் கட்டுப் போட்ட கட்டைவிரலை உயர்த்தியபடி அவர் தெருவோரம் நின்றுகொண்டிருந்தார். வழியில் போன கார் ஒன்று வேகத்தைக் குறைத்து, அவருக்காக நின்றது.