றோஸ்மேரி என்ன மணம்?

தனுஷியாவின் மூக்கு வேலை செய்யவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது அவளல்ல, அவள் கணவன் கஜீவன். போன வருடம் வந்த காய்ச்சல் விட்ட கையோடு, அவள் குசினியில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கி வழிந்து, கருகி, அந்தக் கருகல் குளியலறை வரைக்கும் போய்விட்டது. தலையில் நுரையோடு ஓடிவந்த கஜீவன், "உமக்கு மணக்கேல்லையே?" என்று கேட்டான். அவள் திரும்பினாள். புகை தெரிந்தது. மணம் இல்லை. கையிலிருந்த வெங்காயத்தை மூக்கருகே கொண்டுபோனாள். கண் எரிந்தது, அவ்வளவுதான்.

தானாக வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். வரவில்லை. சாப்பாடு ஈரக் கடுதாசி தின்பதுபோல் இருந்தது. தன்னில் வியர்வை மணக்குதோ என்ற பயத்தில் அவள் வாசனைத் தண்ணீரை அள்ளித் தெளித்துக்கொண்டு வேலைக்குப் போக, பக்கத்து மேசை ரிஸ்லா இருமியிருமி யன்னலைத் திறந்தாள்.

கடைசியில் காது மூக்கு தொண்டை டொக்டரிடம் போனார்கள். "நாலு மணம் எடுத்துக்கொள்ளுங்கோ. தேசிக்காய், கராம்பு, கோப்பி, றோஸ்மேரி. காலையும் பின்னேரமும் மணக்கவேணும். மணக்கேக்குள்ள அந்தந்த மணத்தை ஞாபகத்தில கொண்டுவரப் பாருங்கோ. இது மூளைக்குக் குடுக்கிற பயிற்சி" என்றார் அவர். அதற்குள் அடுத்த நோயாளி கதவைத் தள்ளிவிட்டார்.

காலி வீதியில் பஸ்ஸில் வரும்போதுதான் தனுஷியாவுக்கு உறைத்தது.

"என்னப்பா, நான் றோஸ்மேரியை ஒருநாளும் மணந்ததில்லையே. எதை ஞாபகத்தில கொண்டுவாறது?"

கஜீவன் யோசித்தான். "அப்ப வேற ஒண்டை மாத்தும். ஏலக்காய் எடும்."

"டொக்டர் றோஸ்மேரி எண்டு சொன்னவர்."

அவள் அப்படித்தான். காய்ச்சல் விட்ட பிறகும் மருந்துக் குளிசையைக் கடைசி ஒன்று வரைக்கும் விழுங்குகிறவள்.

கல்கிசைப் பக்கம் ஒரு கன்றுக் கடையில் றோஸ்மேரி கிடைத்தது. ஊசி ஊசியாக இலை, சவுக்கு மரத்தின் குட்டிபோல. பல்கனியில் கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கு ஊற்றுகிற மாதிரியே இதற்கும் விடியவும் பொழுதுபடவும் தண்ணீர் ஊற்றினாள். கறிவேப்பிலை தளதளவென்று நின்றது. றோஸ்மேரி அடியிலிருந்து கறுத்து வந்தது. பாவம், தண்ணீர் போதவில்லையாக்கும் என்று இன்னும் ஊற்றினாள்.

கீழ்மாடி டில்ஷானி ஒருநாள் தண்ணீர்க் கட்டணத் துண்டைக் கொடுக்க வந்தவள் சாடியைக் கண்டு வாயில் கைவைத்தாள். "ஐயோ அக்கா, வத்துர வெடி!" சிங்களத்தில், தண்ணி கூடிவிட்டதாம். மிச்சத்தை அவள் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். "இது வெயில் கேக்கிற. மண் காயணும். காஞ்ச பிறகு தண்ணி."

உயிரோடிருந்த இரண்டு கொப்புகளை அவர்கள் வெட்டி, அடி இலைகளை உருவிவிட்டு, பாதி மணலும் பாதி மண்ணும் கலந்த சின்னச் சாடியில் நட்டார்கள். தண்ணீர் ஊற்றத் தனுஷியாவுக்குக் கை துருதுருத்தது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றப் பழகினாள். ஒரு கொப்பு வாடிப்போனது. மற்றது பிடித்துக்கொண்டது.

கன்று வளர்ந்தது. மூக்கு அசையவில்லை. தேசிக்காயை மணக்கும்போது அவளுக்குச் சோடா ஞாபகம் வரும், கராம்புக்குப் பல்லுக்கொதி. ஞாபகம் வந்தது, மணம் வரவில்லை. றோஸ்மேரியை மணக்கும்போது ஞாபகமும் இல்லை. பெயர் தெரியாத ஆளைக் கூப்பிடப் போய் வாயைத் திறந்தபடி நிற்கிறதுபோல, இலையைக் கசக்கி மூக்கில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பாள்.

மாசிமாதத்து ஞாயிறு ஒன்றில், பல்கனியில் அப்படி நிற்கும்போது ஏதோ வந்தது.

வந்ததா? அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. மூக்கின் மேல்பக்கம் குளிர்ந்தது. பிறகு பென்சில் சீவினால் வருமே, அப்படி ஒன்று. அதற்குப் பின்னால் நனைந்த சுவர். மறுபடி இழுத்தாள். இல்லை. மறுபடி. இருந்தது. "இஞ்ச ஓடியாங்கோ!" என்று கத்தினாள்.

கஜீவன் பேப்பரும் கையுமாக வந்தான்.

"இதை மணந்து சொல்லுங்கோ. என்ன மணக்குது?"

"தைலம். தடிமனுக்குப் பூசுவமே, அது."

"பென்சில் இல்லையோ?"

"பென்சிலோ?"

அறைக்குள் இருந்த மாமி, கஜீவனின் தாய் சரோஜினிதேவியிடம் கொண்டுபோனாள். மாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மணந்தார், மணத்துக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தமோ. "கற்பூரம் பிள்ளை. கற்பூரத்தோட கொஞ்சம் புல்லு." டில்ஷானிக்குத் தொலைபேசி எடுத்து, றோஸ்மேரி என்ன மணமென்று கேட்டாள். "பீட்சா" என்றாள் டில்ஷானி, யோசிக்காமலே.

தைலம், கற்பூரம், பீட்சா. தனுஷியாவுக்குத் தலை சுற்றியது. இந்த மூன்றும் ஒன்றாக எப்படி இருக்கும்? அதில் பென்சில் எங்கே இருக்கிறது? தேசிக்காய் என்றால் தேசிக்காய்தானா என்று அவளே சொல்லியிருப்பாள். இதற்கு யாரிடம் கேட்பது? ஆசையில் மூளை தானாக ஒரு மணத்தைச் செய்து தருகிறதோ?

"பரிசோதிப்பம்" என்றான் கஜீவன். "கண்ணை மூடும்."

அவள் கதிரையில் இருந்து கண்ணை மூடினாள். ஏதோ மூக்கருகே வந்தது. ஒன்றுமில்லை. "தெரியேல்லை" என்றாள். அடுத்தது வந்தது. குளிர், சீவின பென்சில். "றோஸ்மேரி!" மாமி "ஓம் ஓம்" என்று கைதட்டினார். மூன்றாவது வந்தது. அதுவும் அதே குளிர், கொஞ்சம் மெல்லிசாக.

"இதுவும் றோஸ்மேரி."

மாமி கைதட்டவில்லை. அவள் கண்ணைத் திறந்தாள். கஜீவனின் வெறுங்கை அவள் முகத்துக்கு முன்னால் நின்றது.

"சும்மா கையைத்தான் நீட்டினனான்" என்றான் அவன், குற்றவாளிபோல.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பகிடி விடுறியளோ? இத்தனை மாசமா நான் படுற பாட்டில உங்களுக்குப் பகிடி!"

"பகிடியில்லையப்பா. நிச்சயப்படுத்திறதுக்கு..."

"நிச்சயப்படுத்தியாச்சு. எல்லாம் என்ர கற்பனை."

அவள் எழுந்து குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின கோப்பையையே திரும்பக் கழுவினாள். மாமி மெதுவாக மகனிடம் சொன்னது அவளுக்குக் கேட்டது. "தம்பி, ரெண்டாவதா காட்டேக்குள்ள இலையை எந்தக் கையால பிடிச்சனீ?"

"இதே கையால."

கஜீவன் தன் விரல்களை மணந்தான். காலையிலிருந்து அந்த இலையையே மணந்து மணந்து அவன் மூக்கும் களைத்திருந்தது. "இருக்குதுபோல... இல்லைப்போல." மாமி மணந்துவிட்டு, தான் இப்போதுதான் திருநீறு பூசினதாகவும் எல்லாமே திருநீறு மணக்குதென்றும் சொன்னார். தனுஷியா ஈரக் கையோடு வந்து நின்றாள். கோபத்தைவிட இப்போது குழப்பம்தான் பெரிதாக இருந்தது.

"கீழ போவம்" என்றாள். "கையைக் கழுவிப்போடாதேங்கோ."

கையை முன்னால் நீட்டியபடி கஜீவன் படியிறங்க, பின்னால் அவள் போனாள். கதவைத் திறந்தது டில்ஷானியின் கணவன் பிறெடி. டில்ஷானி மாதா கோயிலுக்குப் போய்விட்டாளாம்.

"பிறெடி, ஒரு உதவி. என்ர கையை ஒருக்கா மணந்து பாரும்."

பிறெடி கையைப் பார்த்தான், கஜீவனைப் பார்த்தான், தனுஷியாவைப் பார்த்தான். "ஏன் அய்யே? என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. மணந்திட்டுச் சொல்லும்."

அவன் எட்ட நின்றே கழுத்தை நீட்டி மணந்தான். பிறகு கிட்ட வந்து மணந்தான். முகம் மலர்ந்தது. "நத்தார்!" என்றான். "எங்கட அம்மா கிறிஸ்மஸுக்குக் கோழி வாட்டுற மணம். றோஸ்மேரி போடுறவங்க தானே?"

தனுஷியா படியிலேயே குந்தினாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. வெறுங்கையில் ஒட்டியிருந்ததைக்கூட அவள் மூக்குப் பிடித்திருக்கிறது. பிறெடி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

அன்று மத்தியானம் உருளைக்கிழங்கை வெட்டி உள்ளியோடு சட்டியில் பிரட்டி, ஒரு கொப்பு றோஸ்மேரியை உருவிப் போட்டாள். எண்ணெய் சீறியபோது அந்தக் குளிர் மறுபடி வந்தது. உள்ளி மணக்கவில்லை. போதுமா என்று தெரியாமல் இன்னொரு கொப்பையும் போட்டாள். மாமி ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு பிள்ளை, தடிமன் வராது" என்றார். கஜீவன் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டான்.

"கூடிப்போச்சோ?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்."

அவளுக்குக் கூடினமாதிரித் தெரியவில்லை. அவர்களுடைய தைலமும் கற்பூரமும் அவளுடைய பென்சிலும் ஒன்றுதானா என்பதும் தெரியவில்லை. இன்னொரு துண்டு கிழங்கை எடுத்து, வாயில் வைப்பதற்கு முன் மூக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.