எழுபத்தைந்து கிலோ

ஏரி இன்னும் உறைந்தே கிடந்தது. தம்பி பால்தூரின் மீன் கொட்டகையில், மீன் தொட்டிகளை நிறுக்கும் பெரிய தராசின் முன்னால் தோரா பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

வடக்கே ஹட்சன் விரிகுடாக் கரையில், சாலையே போகாத ஓர் இடத்தில் ஒரு விடுதி இருந்தது. ஜூலையில் அங்கே ஆற்று முகத்துவாரத்துக்கு வெள்ளைத் திமிங்கிலங்கள் வரும். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பதினொரு வருஷம் புரட்டிப் போட்டபோதெல்லாம் தோரா அவற்றை நினைத்துக்கொள்வாள். அம்மாவை அடக்கம் செய்த மறுவாரமே விடுதிக்குப் போன் செய்தாள். கரடி வந்தால் காவல் யார், என்ன பூட்ஸ் வேண்டும், எல்லாம் அவளே கேட்டுக் குறித்துக்கொண்டாள். தம்பியும் அவன் மனைவி லில்யாவும் தாங்களும் வருவதாகச் சொன்னார்கள். முன்பதிவைப் பால்தூர் பார்த்துக்கொண்டான்.

“குட்டி விமானம்க்கா. மூணு பேர்தான். நீ எழுபத்தஞ்சுக்குக் கீழ வந்தாத்தான் ஏத்துவான்,” என்றான் ஜனவரியில்.

அப்போது அவள் எண்பத்தாறு கிலோ. அன்றிலிருந்து முட்டைக்கோசும் பால் விடாத காபியும்தான்.

“முதல்ல நான்,” என்று பால்தூர் தொப்பென்று ஏறினான். முள் நூற்றுமூன்றில் நின்றது. “தாங்குது! இனி நீ ஏறலாம்க்கா.”

“மெதுவா அண்ணி,” என்றாள் வாசலில் நின்ற லில்யா. “போன வாரம்தான் ரிப்பேர் பண்ணினோம்.”

தோரா ஏறினாள். இரும்புத் தட்டின் குளிர் பாதத்தைக் கடித்தது. முள் ஆடி, ஆடி, எழுபத்துநாலில் நின்றது.

லில்யா புருஷனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

தன் எடையைத் தானே எழுதலாம் என்று ஆணியில் தொங்கிய அட்டையைத் தோரா எடுத்தாள். அதில் ஏற்கெனவே நிரப்பிய முன்பதிவுப் படிவம் செருகியிருந்தது. பிப்ரவரி இரண்டாம் தேதியே விடுதியின் முத்திரை. பால்தூர், 88. லில்யா, 63. மூன்றாவது லில்யாவின் தங்கை சோல்வெய்க், 81. எழுபத்தைந்து என்ற பேச்சே அதில் இல்லை.

“நீயே பாதியில விட்டுடுவேன்னு நெனச்சோம்க்கா,” என்றான் பால்தூர்.

“என் தங்கச்சிக்கு இப்பத்தான் விவாகரத்து ஆச்சு அண்ணி. பாவம், கொஞ்சம் சிரிச்சுட்டு வரட்டும். உங்களுக்கும் இளைச்சது லாபம்தானே?”

தோரா அந்த எண்பத்தெட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இது உன் எடையா?”

“காகிதத்துல எதையாச்சும் எழுதணுமில்ல. யாரு நிறுத்துப் பாக்கப்போறா?”

விடுதிக்காரி போனில் சொன்னது அவள் காதிலேயே இருந்தது. ‘கடைசி ஓடுதளத்துல பைலட் எல்லாரையும் தராசுல ஏத்துவாரு. போன வருஷம் ஒருத்தர் பொய் எழுதியிருந்தாரு. அங்கயே இறக்கிட்டுப் போயிட்டோம். ஒரு தகரக் கொட்டகை, மிச்சமெல்லாம் கொசு. அடுத்த விமானம் எட்டு நாள் கழிச்சுத்தான்.’

“அந்தம்மா வேற ஏதாச்சும் சொன்னாளாக்கா? நீதானே பேசினே.”

தோரா ஒரு சாக்ஸை மாட்டினாள். பிறகு மற்றதை. பூட்ஸின் கயிற்றை நிதானமாக இழுத்து முடிச்சுப் போட்டாள்.

“கம்பளிச் சாக்ஸ் ஆறு ஜோடி எடுத்துக்கச் சொன்னா,” என்றாள். “வேற ஒண்ணும் இல்ல.”

பிறகு லில்யாவிடம் திரும்பினாள். “வீட்டுல கேக் இருக்கா? பெரிய துண்டா வெட்டு.”